ஆங்கிலச் சொற்களின் பிறப்பு: எந்த அகராதியை நம்புவது?

பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கள் ‘காசு’தான் என்ற பதிவு முகநூலில் அடிக்கடி பகிரப்படுகிறது. அது சரியல்ல. அந்தக் கேஷ், பெட்டி என்று பொருள்படும் ‘கெஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஆனால் கீழைநாடுகளில் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷ் ஆங்கிலத்தில் உண்டு. அதுவே தமிழ்க் காசு; போர்த்துக்கேயர் மூலம் ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்து ஒன்று, சொற்கள் இரண்டு.

சொற்பிறப்பு அகராதி ஒன்றைத் தெரிவு செய்யுமுன் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுகிறதா? சொல் முதலில் பதிவான காலத்தையும், எந்த மொழி வழியாக வந்தது என்பதையும் சொல்கிறதா?

அடுத்து ‘அனகொண்டா’வைத் தேடுங்கள். இப்பெயர் முதலில் இலங்கைப் பாம்பொன்றுக்கு வழங்கி, பின்னரே தென்னமெரிக்கப் பாம்புக்குப் போனது. மூலம் சிங்கள ‘ஹெனகந்தயா’ என்பர் சிலர். தமிழ் ‘ஆனைக்கொன்றான்’ என்பர் வேறு சிலர். ஐயத்தை ஐயமென்றே எழுதும் அகராதிதான் நம்பகமானது.

எது யாருக்கு?

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி: மிக விரிவானது. 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்றது. 1989இன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுடன் மேற்கோள் தரும். வீட்டில் வைத்திருக்க முடியாது; இணையப் பதிப்புக்குச் சந்தா தேவை.

ஒனியன்ஸ் தொகுத்த ஒக்ஸ்போர்ட் சொற்பிறப்பு அகராதி (1966): ஒரே தொகுதி. சுருக்கக் குறியீடுகள் நிறைந்தது. மொழியியல் படிப்போருக்கு உகந்தது.

ஜோன் எய்ற்றோவின் அகராதி (1990): கதைபோல வாசிக்கலாம். உயர்தர மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்றது.

ஹொப்சன்-ஜொப்சன் (1886): இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஆங்கிலம் எடுத்த சொற்களுக்கானது. பதிப்புரிமை முடிந்ததால் இணையத்தில் இலவசம். பழைய நூல், காலனித்துவப் பார்வை கொண்டது என்பதை மறக்கக்கூடாது.

டக்ளஸ் ஹார்ப்பரின் இணையச் சொற்பிறப்பு அகராதி: இலவசம், கைப்பேசியிலேயே பார்க்கலாம். இங்கிருந்து தொடங்குங்கள். வாங்குவதானால் எய்ற்றோ. முக்கியமான சொல்லை இரண்டு அகராதிகளிலாவது ஒப்பிடுங்கள்.

சான்று இல்லாத உண்மை வெளியே எடுபடாது என்பதை நாங்கள் பட்டறிந்தவர்கள். மொழிக்கும் அதே விதிதான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி ஆகியவை தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்தவை என்று ஆங்கில அகராதிகளே பதிந்துள்ளன. இல்லாததையும் சேர்த்துச் சொன்னால், இருப்பதையும் எவரும் நம்பமாட்டார்கள்.