வாக்கு வாணிபம்

1968ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே ஒரு சங்கம் பிறந்தது. நெசவாளர் சங்கமன்று, ஆசிரியர் சங்கமன்று. தேர்தலிலே வெற்றி தேடித் தருவதையே தொழிலாகக் கொண்டோர் சங்கம்! அமெரிக்கரான ஜோசப் நெபோலிட்டனும், பிரெஞ்சுக்காரரான மிஷேல் போங்ரானும் நிறுவிய பன்னாட்டு அரசியல் ஆலோசகர் சங்கம் அது. மாநாடு கூட்டித் தொழில் நுணுக்கம் பேசுவோர் அச்சங்கத்தார்.

மருத்துவர் மாநாட்டிலே நோய் தீர்க்கும் வழி பேசுவர். உழவர் மாநாட்டிலே விளைச்சல் பெருக்கும் வழி பேசுவர். வாக்குத் திரட்டும் தொழிலினர் பேசுவது யாது? அத்தொழிலின் பிறப்பைப் பார்ப்போம், தோழர்களே!

1933இல், கலிபோர்னியாவிலே கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் எனும் இருவர் பிரச்சாரத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினர். மறு ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அவலத்தை 1906இல் நாவலாகத் தீட்டி நாட்டையே உலுக்கிய அப்டன் சிங்க்ளேர், ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். கலிபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம் என்பதே அவர் முழக்கம். ஏழை மகிழ்ந்தான், செல்வர் நடுங்கினர்.

சிங்க்ளேரை வீழ்த்தும் பணி அவ்விருவரிடமும் வந்தது. அவர் திட்டத்தை மறுத்தார்களா? இல்லை. அவர் நூல்களைத் துருவினர். நாவலின் பாத்திரங்கள் பேசிய பேச்சைப் பிய்த்தெடுத்து, ஆசிரியரின் கொள்கை இதுவே என்றனர். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் ஏடு அத்தகைய துணுக்குகளை நாள்தோறும் முதற்பக்கத்திலே கட்டம் கட்டி வெளியிட்டது. சிங்க்ளேர் தோற்றார். அம்மேற்கோள்கள் பொருத்தமற்றவையே எனப் பின்னாளில் அந்நிறுவனத்தாரே ஒப்பினர்!

1948இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கூடிய மக்கள் தொடர்புத் தொழிலினர் முன் விட்டேக்கர் உரையாற்றினார். சாதாரண மனிதன் அறிவு பெற விரும்புவதில்லை. சண்டையோ வேடிக்கையோ காட்டினால்தான் திரும்பிப் பார்ப்பான் என்பது அவ்வுரையின் சாரம்.

அவ்வாண்டின் இறுதியிலே அமெரிக்க மருத்துவர் சங்கம் அவர்களை அமர்த்தியது. அனைவர்க்கும் மருத்துவக் காப்பீடு எனும் குடியரசுத் தலைவர் ட்ரூமனின் திட்டத்தை முறியடிப்பதே வேலை. அதற்கென மருத்துவர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் கேட்டது சங்கம். நோயுற்ற குழந்தையின் அருகே மருத்துவர் அமர்ந்திருக்கும் பழைய ஓவியமொன்றைச் சுவரொட்டியாக்கி, இங்கே அரசியல் நுழையலாமா என்றனர். திட்டம் சமதர்ம மருத்துவம் எனத் தூற்றப்பட்டது, மாண்டது. இழப்பு யாருக்கு? மருந்துக்குப் பணமில்லா ஏழைக்கு!

இத்தொழில் கடல் கடந்து இங்கும் வந்துவிட்டது. 2021 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலிலும் ஆலோசனை நிறுவனங்கள் பணியாற்றின. வாக்காளர் பட்டியலை ஆய்வதும், வேலையைப் பங்கிடுவதும் குற்றமல்ல. எந்தக் கட்சிக்கும் அவை தேவையே. மக்கள் சிந்திக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு களம் இறங்குவதையே நாம் எதிர்க்கிறோம். படிப்பகம் திறந்து, தெருமுனையிலே நின்று, மக்கள் சிந்திப்பார்கள் என்று நம்பி வளர்ந்த இயக்கம் நம்முடையது.

ஆகவே, எவரேனும் ஒருவரை ஒற்றை வரியால் வீழ்த்த முனைந்தால், முழு நூலையும் கேட்டு வாங்கிப் படிப்போம். படம் காட்டி உருக்கினால், அப்படத்திற்குப் பணம் கொடுத்தவர் யார் என வினவுவோம். நம் கட்சியின் சுவரொட்டியாயினும் அக்கேள்வியை விடோம்!