மலையேறி வந்த மீன்

போடிநாயக்கனூரில் வாழ்பவருக்கு மேற்குத் திசை என்றால் மலை. மலை என்றால் ஏலமும் காப்பியும் தேயிலையும். அம்மலைக்கு மீனைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவர்களை ஒருமுறை குரங்கணிக்கு அழைத்துச் சென்றேன். ஒரு சிறுவன் கேட்டான்: “ஐயா, மூணாறு மலையில் ட்ரவுட் மீன் உண்டாமே! அது ஏன் நம் கொட்டகுடி ஆற்றுக்கு இறங்கி வரவில்லை?” “அந்த ஓடைகள் வைகைக்குச் சாய்பவை அல்ல” என்றேன். அது அரை விடைதான்.

ட்ரவுட் குளிர்நீர் மீன். குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு மிகுதியாகக் கரைந்து நிற்கும். வெதுவெதுப்பான நீரில் அம்மீன் மூச்சுத் திணறி மடியும். ஓட்டத்தை எதிர்த்து நின்று, நீர்மேல் விழும் பூச்சிகளைக் கவ்வும். ஆதலால் அதைப் பிடிக்க மண்புழு வேண்டாம் என்பர். சிறு முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வர். அதற்கு எடை இல்லை. கனத்த நூலே சாட்டைபோல் சுழன்று அதனைக் கொண்டு செல்லும். வெள்ளையர் இதனை ஒரு கலையாகவே போற்றினர்.

அக்கலைக்கு உரிய மீன் இங்கே இல்லை. பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், 1863-இல் நீலகிரிக்கு ட்ரவுட் முட்டைகளைக் கொணர முயன்றார். அவை வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு, பனிக்கட்டியும் பாசியும் சூழ வைத்த முட்டைகள் கப்பலில் டாஸ்மேனியாவுக்கு உயிருடன் சேர்ந்தன. குளிர் குலையாமல் காப்பதே இதன் சூட்சுமம். பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வில்சன் என்பார் நீலகிரியின் அவலாஞ்சியில் வானவில் ட்ரவுட்டை நிலைபெறச் செய்தார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையே அதன் தாயகம். மூணாற்றுத் தோட்டத் துரைமாரும் ராஜமலைப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட்டை வளர்த்து, தங்களுக்கென ஒரு தூண்டிற் சங்கமும் கண்டனர்.

அத்தோட்டங்களின் வாயில் நம் ஊரே. மூணாற்றுத் தேயிலை, 1908 முதல் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, இரும்புவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச் சென்றது. நம் ஊருக்கு ரயில் வந்ததோ 1928-இல்! ஒருவனுக்குப் பொழுதுபோக்கு வாய்க்க, வேறொருவன் மலையேறிக் காடு திருத்திக் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். டேயின் பெயரை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சுமை தூக்கியவர் ஒருவர் பெயரையேனும் சொன்னதில்லை. இது என் பாடத்தில் இருந்த குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நீரைக் குளிரவைப்பது எந்தச் சங்கமும் அன்று, புல்வெளியும் சோலையுமே. மழையைத் தேக்கி, நிழல் தந்து, ஓடையாய் விடுபவை அவை. எரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்கா ஆனதன் அருமை இங்கேதான் புலப்படும். சோலை அழிந்தால் வந்த மீனும் வாழாது. நெடுங்காலமாய் இருக்கும் நம் மலை மீன்களும் வாழா. கீழே நம் கிணறுகளும் வற்றும்.

அந்தச் சிறுவன் இன்று எங்கே இருக்கிறானோ! அவனுக்கு நான் தர வேண்டியிருந்த மறுபாதி விடை இதுவே.