வழக்கு வேலையில் மடிக்கணினியும் டேப்லெட்டும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வழக்கு வேலை மடிக்கணினிக்கும் டேப்லெட்டுக்கும் மாறியதற்கு முதற்காரணம் தூரம். 1956 வரை பாலக்காட்டின் மலபார்ப் பகுதி மேல்முறையீடுகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயின. சித்தூர் வட்டமோ கொச்சி அரசில் இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. பிறகு இவை மூன்றும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள் வந்தன. கேரள மாநிலம் உருவான பிறகு எல்லாப் பகுதிகளுக்கும் எர்ணாகுளமே உயர்நீதிமன்ற ஊர். மூணாறிலிருந்து அங்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ பாதி மலைப்பாதை. இடுக்கி மாவட்ட நீதிமன்றம்கூட மலைமேல் இல்லை. அடிவாரத்தில், தொடுபுழை அருகே முட்டத்தில் இருக்கிறது. வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு குமாஸ்தா விடிகாலை பஸ் பிடிப்பது நெடுங்காலம் தொழிலின் பகுதியாகவே இருந்தது.

கணினி முதலில் வந்தது தீர்ப்புகளைத் தேடத்தான். 1990களில் தீர்ப்புத் திரட்டுகள் குறுந்தகட்டில் கிடைத்தன. விலை பெரிய ஊர் அலுவலகங்களுக்கே கட்டுபடியானது. 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் தளம் தீர்ப்புகளை இலவசமாகத் தேடித் தந்தது. அலமாரி நிறைய ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுதிகள் வைத்திருந்த மூத்தவருக்கும் வாடகை அறையில் தொழில் தொடங்கிய இளையவருக்கும் இருந்த இடைவெளியை வேறெதுவும் இவ்வளவு குறைக்கவில்லை எனலாம். 2007இல் தொடங்கிய மின் நீதிமன்றத் திட்டம் கீழமை நீதிபதிகளுக்கு மடிக்கணினி வழங்கியது. அவை லினக்ஸில் இயங்கின. 2010இல் ஐபேட் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி எலினா கேகன், தாம் வழக்குரைகளைக் கிண்டிலில் படிப்பதாகவும் சக நீதிபதி ஸ்காலியா ஐபேட் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

கேரளத்தில் திருப்பம் 2020இல் நேர்ந்தது. பொதுமுடக்கத்தில் உயர்நீதிமன்றம் காணொளி விசாரணைக்குப் போக, 2021இல் மின்தாக்கல் விதிகளும் காணொளி இணைப்பு விதிகளும் வந்தன. 2022 தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தில் காகிதமில்லா அமர்வுகள் தொடங்கின. மனுவைத் தட்டச்சிட்டு, ஆவணங்களை ஸ்கேன் செய்து, பக்க எண்ணிட்டு, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, மின்கையொப்பம் இட்டு ஏற்றுவது இப்போது ஜூனியரின் அன்றாட வேலை. கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் மடிக்கணினியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். டேப்லெட்டில் ஆதார் ஓடிபி வழியே கையொப்பமிடுவது சுலபம். இருந்தாலும் தாக்கல் மடிக்கணினியிலும், நின்று வாதாடும்போது கோப்பைப் புரட்டுவது டேப்லெட்டிலும் என வேலை பிரிந்துகொண்டது.

சம்மனும் செயலிக்குள் வந்துவிட்டது. மின் நீதிமன்றத் திட்டத்தின் என்ஸ்டெப் ஏற்பாட்டில், அமீனா தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் குடியிருப்பின்) வாசலில் நின்றே திறன்பேசியில் இடத்தையும் நேரத்தையும் பதிந்து, பெறுபவரின் கையெழுத்தைத் திரையில் வாங்கலாம். ஆள் வீட்டில் இல்லை, சம்மன் வரவே இல்லை என்ற பழைய தகராறுக்கு இதனால் இடம் குறைகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டப்படி, போலீசார் சோதனையையும் பறிமுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்தாக வேண்டும். எனவே சாட்சியங்களில் ஒரு பகுதி இப்போது காணொளிக் கோப்பாகவே வக்கீலிடம் வருகிறது.

எல்லைப் பகுதியின் தனிச்சிக்கல் தமிழ். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. நீதிமன்றக் கோப்போ ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் நடக்கிறது. நிலவரி ரசீது, தண்டப்பேர் (நில உடைமைக் கணக்கு), போக்குவரவு (பட்டா மாற்றம்) விவரங்கள் மலையாளத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ ஒரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியிலிருந்து வரும் தமிழ்க் கையெழுத்துப் பாகப் பத்திரத்தை ஸ்கேன் செய்தால் படம்தான் கிடைக்கும், தேடத்தக்க எழுத்து கிடைக்காது. அதை யாராவது படித்து, மொழிபெயர்ப்பை இணைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் மாவட்ட நீதித்துறையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் சாட்சி வாக்குமூலங்களை அதாலத் ஏஐ என்ற மென்பொருளால் எழுத்தாக்க உத்தரவிட்டது. தமிழில் பேசும் சாட்சிக்குப் பழைய விதியே தொடர்கிறது: முடிந்தால் அம்மொழியிலேயே பதியலாம், முடியாவிட்டால் விசாரணை நடக்க நடக்க நீதிமன்ற மொழியில் சரியான மொழிபெயர்ப்பு எழுதப்பட்டுக் கோப்பில் சேரும்.