மத்திக்கு வயது என்ன?



நம் திண்டுக்கல் கடலுக்கு எட்டாத ஊர். ஆனாலும் மீன் கடையில் மத்திக்குப் பஞ்சமில்லை. "இப்போது வருகிற மத்தி ரொம்பச் சின்னதாக இருக்கிறதே, குஞ்சு மீனையா பிடிக்கிறார்கள் சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றாம் வகுப்பில் சேர வரும் பிள்ளையை, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வது அந்தக் கால வழக்கம். தொட்டால் ஐந்து வயது. சரியான சாப்பாடு கிடைக்காத பிள்ளைக்கு வயது ஆகியிருந்தாலும் கை எட்டாது. மீன் விஷயத்திலும் இதே சிக்கல்தான்.

மலபார் கரை அன்று நம்மைப் போலவே சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே ஒரு வருடம் மத்தி மலைபோல் குவியும். தின்றது போக எண்ணெய் எடுப்பார்கள், தென்னைக்கு உரமாகப் போடுவார்கள். இன்னொரு வருடம் வலை வெறுமையாக வரும், மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. மீன் எங்கே போனது? சர் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் உருவான சென்னை மாகாண மீன்துறையில், ஜேம்ஸ் ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் இதை ஆராய்ந்து 1920களில் வெளியிட்டார்கள். மத்தி ஒரே வருடத்தில் சுமார் 15 செ.மீ. வளர்ந்து பருவத்துக்கு வரும், ஆயுள் இரண்டரை வருடம்போல என்பது அவர்கள் கணக்கு.

பின்னால் வந்த சிலர் இதை ஏற்கவில்லை. முதல் வருடத்தில் 10 செ.மீ.தான், 15 செ.மீ. வர இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். ஏன் இந்தக் குழப்பம்? குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் மீன் வளர்ச்சி மந்தமாகும். அதனால் செதிலிலும் காதுக்கல்லிலும் மரத்தில் விழுவதுபோல் வருட வளையம் தெளிவாக விழும். நம் கடலில் பனிக்காலம் இல்லை, வளையமும் தெளிவில்லை. அதனால் டென்மார்க்கின் பீட்டர்சன் 1890களில் காட்டிய வழி இங்கே அதிகம் கைகொடுத்தது. மாதாமாதம் ஏராளமான மீன்களை அளந்து, எந்த நீளத்தில் கூட்டம் அதிகம், அது அடுத்தடுத்த மாதங்களில் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பது அந்த முறை.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. ஒரே வருடத்தில் பெருகும் மீன் என்றால் இழப்பு சீக்கிரம் ஈடாகும். இரண்டு வருடம் என்றால் வலையைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். 1943இல் சென்னை அரசு சில வலைகளைத் தடுத்தது. பலன் தெரியாததால் சில ஆண்டுகளில் தடையை விலக்கியது.

அடுத்து, மீனின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். மத்திக்கு முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். செவுள் சல்லடையால் நீரை வடிகட்டித் தின்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடிக்கடலின் சத்துநீர் மேலே வரும்போது அந்தப் பாசி செழிக்கும். 1947இல் தொடங்கி, பிறகு நாம் ராமேஸ்வரம் போகும் வழியிலுள்ள மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையை வளர்த்தது. 'பிராஜிலேரியா ஓசியானிகா' என்ற பாசி பெருகினால் மத்தியும் பெருகும் என்று நாயர், சுப்ரமணியன் இருவரும் 1955இல் எழுதினார்கள்.

கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் வெறும் 3,297 டன். அண்மையில் மறுபடி குவிந்தது, ஆனால் சிறுத்துப்போய். நல்ல மழையில் குஞ்சுகள் அளவுக்கு மீறிப் பிழைத்து, இரைக்குப் போட்டியாகி வளர்ச்சி குன்றியது என்று அதே நிலையம் விளக்கியது.

ஆகவே தம்பி, சின்ன மீனெல்லாம் குஞ்சு மீன் இல்லை. பந்தியில் கூட்டம் மிஞ்சி, இலையில் சோறு குறைந்த மீனாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கடையில் நின்று நம்மால் பிரித்தறிய முடியாது. கேரளம் 2015இல் மத்திக்கு வைத்த குறைந்தபட்ச அளவு 10 செ.மீ. நம் ஆள்காட்டி விரலைவிடச் சற்றே நீளம். அதற்கும் சிறியதை வாங்காமல் விடுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பிடிக்கவும் மாட்டார்கள்.