நிலவொளியில் தொடங்கிய வகுப்பு

கல்லூரி என்பது பள்ளிப் படிப்பை முடித்தவர் போகிற இடம். அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் பல இந்த வரிசையைக் கண்டுகொள்வதில்லை. மாலை நேரத்தில் ஓர் அறையில் ஐம்பது வயது மெக்கானிக் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த நர்ஸும், மெக்சிகோவிலிருந்து வந்த சமையல்காரரும், மகன் கிரீன் கார்டுக்கு ஏற்பாடு செய்து அழைத்துக்கொண்ட கோயம்புத்தூர் அம்மாவும் எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொண்டிருப்பார்கள். மாடியில் கால்குலஸ் வகுப்பு நடக்கும். கீழே உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. இருந்தாலும் பெயருக்குத்தான். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பருவத்துக்கு 25 டாலர்.

எழுத்துக் கூட்டுகிறவருக்கும் பட்டப்படிப்புக்காரருக்கும் ஒரே கூரை எப்படி வாய்த்தது? உண்மையில் இந்த வகுப்பு கல்லூரியில் பிறக்கவே இல்லை. எங்கெங்கோ இரவல் இடங்களில் பலமுறை பிறந்து, கடைசியாகத்தான் கல்லூரிக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தவருக்கு ஒரு காரணம் இருந்தது, படிக்க வந்தவருக்கு வேறொரு காரணம் இருந்தது. இரண்டும் ஒன்றாக அமைந்தது அபூர்வம்.

முதல் பிறப்பை கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில் வைக்கலாம். ரோவன் கவுண்டியில் கோரா வில்சன் ஸ்டூவர்ட் என்பவர் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தார், தேர்தலில் நின்று வென்ற பதவி அது. எழுதப் படிக்கத் தெரியாத ஊர்க்காரர்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். படித்துச் சொல்லவும் பதில் எழுதித் தரவும் அவர் வேண்டும். அவர்களில் ஒரு தாய்க்கு மகள் சிகாகோவில் இருந்தாள். சில வாரங்கள் கண்ணில் படாமல் இருந்த அந்தத் தாய், ஒரு நாள் மகளின் கடிதத்தோடு வந்து நின்றார். படித்துக் காட்டட்டுமா என்று ஸ்டூவர்ட் கேட்க, தேவையில்லை, நானே படித்துவிட்டேன், எழுதவும் கற்றுக்கொண்டேன் என்றாராம். ஓடையில் வெள்ளம் வந்தால் இங்கே வரமுடியாது. பக்கத்து வீட்டில் படிக்கச் சொன்னால் வீட்டு ரகசியம் வெளியே போகும். அதனால் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஸ்டூவர்டுக்கு அது போதுமானதாக இருந்தது. 1911 செப்டம்பர் 5 இரவு, கவுண்டியின் பள்ளிக்கூடங்கள் பெரியவர்களுக்காகத் திறந்தன. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களே சம்பளம் இல்லாமல் இரவிலும் வந்தார்கள். மலைப்பாதையில் விளக்கு ஏது? நிலா காயும் இரவுகளில் மட்டும் வகுப்பு, அதனால் நிலவொளிப் பள்ளிகள் என்று பெயர். 150 பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார்கள். ஏறக்குறைய 1,200 பேர் வந்தார்கள். வயது 18 முதல் 86 வரை.

ஸ்டூவர்ட் செய்ததில் என்னை மிகவும் கவர்வது கூட்டம் சேர்த்தது அல்ல, பாடப்புத்தகம். பூனையும் பந்தும் போட்ட குழந்தைப் பாடத்தை ஆறு பிள்ளை பெற்றவர் கையில் கொடுக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வகுப்புக்கென்றே ஒரு சிறிய செய்தித்தாளை அச்சடித்தார். உள்ளூர்ச் செய்திகள், சின்னச் சின்ன வாக்கியங்கள். பக்கத்து ஓடைக்கரையில் என்ன நடந்தது என்பதை அறியும் ஆவலிலேயே ஆள் படித்துவிடுவார். கையில் இருப்பதும் எல்லோரும் படிக்கிற செய்தித்தாள் போலவே இருக்கும், கூச்சம் இல்லை. பிற்பாடு அவரும் கணக்குக் காட்டும் அவசரத்தில் விழுந்தார். 1920க்குள் கென்டக்கியில் எழுத்தறியாதவரே இருக்கக்கூடாது என்று முழங்கினார். பெயர் எழுதக் கற்றவரை எல்லாம் எழுத்தறிந்தவர் பட்டியலில் சேர்த்தால் எந்த மாநிலமும் சீக்கிரம் தேறிவிடும்.

அதே காலத்தில் டெட்ராய்ட் பக்கம் முற்றிலும் வேறொரு வகுப்பு நடந்தது. 1914இல் போர்டு கார் கம்பெனி, ஆங்கிலம் தெரியாத தன் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. போலந்து, இத்தாலி, சிரியா என்று பல தேசத்தவர். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் பாடம். வராவிட்டால் வேலைக்கே சிக்கல். பட்டமளிப்பு விழாவை மேடை நாடகமாகவே நடத்தினார்கள். மேடையில் ராட்சத அளவில் ஒரு கொப்பரை. தம் நாட்டு உடையில் மூட்டையோடு கப்பலிலிருந்து இறங்கும் மாணவர்கள் அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பையால் கிண்டுவார்கள். மாணவர்கள் கோட்டும் சூட்டும் போட்டு, கையில் அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார்கள். இதை வெட்கமில்லாமல் மேடையேற்றினார்கள் என்பதுதான் வியப்பு. இயந்திரத்தின் அருகே ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத தொழிலாளி கம்பெனிக்கு நஷ்டம் என்பது உண்மை, அந்த ஆங்கிலம் அவருக்கும் உதவியது என்பதும் உண்மை. ஆனால் மூட்டையில் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

1916இல் டென்வரில் எமிலி கிரிபித் தொடங்கிய வாய்ப்புப் பள்ளியைப் பற்றி ஒரு வரியாவது சொல்லவேண்டும். வேலையிலிருந்து நேராகப் பசியோடு வருகிறவர்களுக்கு அங்கே முதலில் சூப், பிறகுதான் பாடம்.

அரசாங்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது யுத்தத்தால். முதல் உலகப்போருக்கு ஆள் எடுத்தபோது ராணுவம் பதினேழு லட்சம் பேருக்கு அறிவுத் தேர்வு வைத்தது. கால்வாசிப் பேரால் செய்தித்தாளைப் படிக்கவோ வீட்டுக்குக் கடிதம் எழுதவோ முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் ராணுவமே பள்ளிக்கூடம் நடத்தியது. 1943இலிருந்து சிறப்புப் பயிற்சிப் பிரிவுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நான்காம் வகுப்புத் தரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தில் வரும் நாயகன் பீட் என்ற சிப்பாய். இங்கேயும் பூனை இல்லை.

பள்ளியைப் பாதியில் விட்டுப் போர்முனைக்குப் போனவர்களுக்காக 1942இல் ஒரு தேர்வும் உருவானது. எந்த வகுப்பில் உட்கார்ந்தாய் என்று கேட்காமல், என்ன தெரியும் என்று மட்டும் கேட்டு, உயர்நிலைப் பள்ளிக்கு இணையான சான்றிதழ் தருவது. அதுதான் ஜி.இ.டி. 1947இல் நியூயார்க் மாநிலம் ராணுவத்தில் இல்லாதவர்களும் அதை எழுதலாம் என்றது. இன்றைக்கு வயதுவந்தோர் அடிப்படைக் கல்வி வகுப்பில் பலரின் கண் அந்தச் சான்றிதழ் மீதுதான்.

ஆனால் படிக்க வருகிறவரின் தேவையிலிருந்தே முழுக்க முழுக்கப் பிறந்த வகுப்பு எது என்றால், தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவைத்தான் சொல்வேன். அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமானால், மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் படித்துக் காட்டவேண்டியிருந்தது. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்குத் தினமும் பஸ் ஓட்டினார். பஸ்ஸிலேயே பயணிகளுக்குச் சாசனத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பெண்மணி அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துப் பதிவு பெற்றுவிட்டார். ஆனால் அவர் கேட்டது அது மட்டும் இல்லை, எனக்குப் படிக்கவே தெரியவேண்டும் என்றார்.

இந்தக் கோரிக்கை செப்டிமா கிளார்க்கின் காதுக்குப் போனது. இளம் வயதில் அதே தீவில் ஆசிரியையாக இருந்தவர். கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்ற காரணத்துக்காக 1956இல் நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியை இழந்து, டென்னசியில் ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் சேர்ந்திருந்தார். அவர் பாடம் நடத்தத் தேர்ந்தெடுத்தது ஓர் ஆசிரியரை அல்ல. பெர்னிஸ் ராபின்சன் அவருடைய உறவுக்காரர், அழகுநிலையம் நடத்துகிறவர். வாடிக்கையாளர் எல்லாம் கறுப்பினத்தவர் என்பதால் வெள்ளை முதலாளி வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்ற பயம் அவருக்கு இல்லை. இடமும் பள்ளிக்கூடம் அல்ல. முன்புறம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்புறம் வகுப்பறை. வெள்ளைக்காரர் எட்டிப்பார்த்தால் கடைதான் தெரியும்.

1957 ஜனவரியில் முதல் வகுப்புக்கு 14 பேர் வந்தார்கள். ராபின்சன் ஆரம்பப் பள்ளிப் புத்தகங்களை வாங்கிவைத்திருந்தார். மாணவர்களைப் பார்த்ததும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டார். நான் ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்போம் என்று சொல்லி, என்ன கற்க ஆசை என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும் என்றார்கள். பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், தபாலில் சாமான் தருவிக்கும் கேட்டலாக்கில் ஆர்டர் எழுத வேண்டும் என்றார்கள். வாக்காளராகப் பதிவதும் அந்தப் பட்டியலில் வந்தது. இவை எல்லாமே பாடத்திட்டம் ஆயின. அந்த வகுப்பின் மாதிரி குடியுரிமைப் பள்ளிகள் என்ற பெயரில் தெற்கு முழுக்கப் பரவியது. 1961இல் மார்டின் லூதர் கிங்கின் அமைப்பு அதை ஏற்று நடத்தியது. 1965 வாக்குரிமைச் சட்டம் தெற்கின் பெரும்பகுதியில் படிப்புத் தேர்வுகளை நிறுத்திவைத்தபோது, இந்தப் பள்ளிகளில் படித்தவர்களே அடுத்தவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தலைநகர் வாஷிங்டனுக்கு வரலாம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கல்லூரி மாணவராக இருந்தபோதே டெக்சாஸின் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவர். 1964 ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்ட வறுமை ஒழிப்புச் சட்டத்தில், வயதுவந்தோர் அடிப்படைக் கல்விக்கு முதன்முறையாகத் தனிப் பகுதியும் மத்திய அரசின் பணமும் கிடைத்தன. 1966இல் அது தனிச் சட்டமாக விரிந்தது.

1964 சட்டம் யாரைத் தகுதியானவர் என்றது என்பதில்தான் கல்லூரியின் இரண்டு அறைகளுக்கும் விளக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப் படிக்க முடியாமையால் வேலை பெறவோ தக்கவைக்கவோ சிரமப்படும் 18 வயது நிரம்பியவர்கள். இதில் பள்ளியைப் பாதியில் விட்ட கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியும் வருவார், நேற்று விமானம் ஏறி வந்த பொறியாளரும் வருவார். ஒருவர் பேசுவார், படிக்கமாட்டார். இன்னொருவர் தன் மொழியில் புத்தகமே எழுதியிருப்பார். கற்பிக்கும் முறை இருவருக்கும் அடியோடு வேறு. ஆனாலும் ஒரே நிதி, ஒரே துறை, ஒரே நடைவழி. வேலை என்கிற நோக்கமும் அப்போதே சட்டத்தில் உட்கார்ந்துகொண்டது.

பணம் வந்தது, யார் நடத்துவது? பல மாநிலங்களில் பள்ளி மாவட்டங்கள் பெற்றுக்கொண்டன. சில மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிகள். இந்தக் கல்லூரிகளின் பிறப்பும் இந்த மாதிரி ஆட்களை நினைத்து நடந்தது அல்ல. 1901இல் இல்லினாய்ஸின் ஜோலியட்டில் முதல் பொது இளநிலைக் கல்லூரி தொடங்கியபோது ஆறே மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே படிக்க வந்தவர்கள். ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு 1947இல், வீட்டுக்கு அருகில் கல்லூரி, அதில் பெரியவர்களுக்கும் கல்வி என்று பரிந்துரைத்த பிறகே எண்ணம் விரிந்தது.

அதை நடைமுறையில் கடைசி வரை கொண்டுபோனவர்களில் ஒருவர் சவப்பெட்டி செய்யும் குடும்பக் கம்பெனியை நடத்தியவர். வட கரோலினாவின் டல்லஸ் ஹெரிங், 1957 முதல் இருபது ஆண்டுகள் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவர். தொழிற்பயிற்சி மையங்களையும் இளநிலைக் கல்லூரிகளையும் இணைத்து 1963இல் அங்கே சமுதாயக் கல்லூரி அமைப்பு உருவானதில் அவர் பங்கு பெரிது. ஆள் எந்த நிலையில் வந்தாலும் அந்த நிலையிலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும், முடிந்த தூரம் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கதவு உண்மையிலேயே திறந்ததென்றால் எழுத்துக் கூட்டுகிறவரும் உள்ளே வருவார். கல்லூரி அவருக்கு வகுப்பு நடத்தித்தான் தீரவேண்டும்.

பிறகு ஆங்கில வகுப்பு அடிப்படைக் கல்வியை முந்திக்கொண்டு வளர்ந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்ததும் சுமார் 1,30,000 இந்தோசீன அகதிகள் வந்தார்கள், அவர்களில் டாக்டர்களும் ராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். 1986 குடியேற்றச் சட்டம், ஆவணமின்றி வாழ்ந்த 27 லட்சம் பேருக்குப் கிரீன் கார்டுக்கு வழி திறந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு நிரந்தர அனுமதி பெற ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டியிருந்தது, அல்லது அங்கீகரித்த வகுப்பில் குறைந்தது 40 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. நாற்காலியில் உட்கார்ந்த நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவதும் அப்போதிலிருந்து ஆசிரியர் வேலையில் ஒரு பகுதியாயிற்று.

இந்த வகுப்புகளுக்குப் பணம் தருவதில் இப்போது நடைமுறையில் இருப்பது 2014 சட்டம். வகுப்பை விட்டுப் போன சில மாதங்களில் வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு, சான்றிதழ் வாங்கினாரா, நிலை உயர்ந்ததா என்று கணக்கெடுத்தே கல்லூரிகளின் செயல்பாட்டை அளக்கிறார்கள். கோயம்புத்தூர் அம்மா தேர்வில் ஒரு நிலை உயர்ந்தால் கணக்கில் வருவார். பேரனின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போனை மருமகள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பேசினால் அதற்குப் பத்தி இல்லை.

இதற்கு முன்பே நல்லதாக ஒன்று முளைத்திருந்தது வாஷிங்டன் மாநிலத்தில். முதலில் ஆங்கிலம், அது தேறிய பிறகு தொழில் என்ற வரிசையில் ஆண்டுகள் போய், பாதி வழியில் ஆள் நின்றுவிடுவதைப் பார்த்தார்கள். 2004 வாக்கில் ஐ-பெஸ்ட் என்ற முறையைச் சோதித்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் வெல்டிங்கோ நர்சிங் உதவியோ கற்பிப்பார், இன்னொருவர் அதற்குத் தேவையான மொழியையும் கணக்கையும் அங்கேயே கற்பிப்பார். இரட்டைச் சம்பளம் என்பதால் செலவு அதிகம். வேலை தேடுகிற வயதினருக்குப் பொருந்துகிற ஏற்பாடு, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அவர்களுக்கு இன்னும் வாரத்தில் ஓரிரு மாலைகள்தான், பகுதிநேர ஆசிரியர்தான். கல்லூரி வளாகத்தில் இடம் இல்லாத பருவத்தில் தேவாலயக் கூடத்திலோ நூலகத்தின் பின்னறையிலோ வகுப்பு நடக்கிறது.