உட்கருவின் உறையும் இருதயத் துடிப்பும்

அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் புரியும் நம்மைப் போன்றோர்க்கு, ஒரு சொல்லின் பொருளைத் தேடி அகராதியைப் புரட்டுவது அன்றாட அலுவல். அவ்வாறு புரட்டும்போது, சிற்சில சொற்களுக்குள்ளே ஒரு வரலாறே அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். தசைகள் நாளடைவில் மெலிந்து வலிமை இழக்கும் மரபு நோய்க்கு மேனாட்டார் 'டிஸ்ட்ரோஃபி' என்று பெயர் இட்டனர். குறைபட்ட ஊட்டம் என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். மெலியும் தசைக்கு ஊட்டம் சரிவரக் கிடைக்கவில்லை போலும் என்று பழைய வைத்தியர்கள் கருதினர். அக்கருத்துப் பிழை என்பது பின்னர்ப் புலனாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இவ்வகை நோய்களுள் ஒன்றன் காரணம், உயிரணுவின் நடுவேயுள்ள உட்கருவைப் போர்த்திய மெல்லிய உறையில் ஒளிந்திருந்தது. அது வெளிப்பட்ட வரலாற்றையே ஈண்டுச் சொல்ல முற்படுகிறோம்.

உட்கரு என்னும் பகுதிக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் ராபர்ட் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துத் தாவர நூலறிஞர். 1831ஆம் ஆண்டில் ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களை ஆராய்ந்தபொழுது, ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டையான பொருள் இருப்பதை அவர் எடுத்துரைத்தார். அவ்வுருண்டையின் புறத்தே இருப்பது யாது என்பதை அறிய நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. எலெக்ட்ரான் நுண்பெருக்கி வந்த பின்னர், 1950இல் காலன், டாம்லின் என்னும் இருவர், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களின் முட்டைகளை ஆராய்ந்து, உட்கருவின் உறை இரண்டு அடுக்குகளால் ஆயது என்றும் அதில் துளைகள் உண்டு என்றும் காட்டினர்.

1970களில் நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் குந்தர் பிளோபெல், லாரி ஜெரேஸ் முதலியோர் இவ்வுறையின் உட்புறத்தை ஒட்டினாற்போல் ஒரு புரத வலை பரந்திருப்பதை ஆராய்ந்தனர். அவ்வலையின் இழைகளுக்கு 'லாமின்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. மெல்லிய தகடு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. கூரையைத் தாங்கும் கைமரங்களைப் போல, உட்கருவின் வடிவத்தைத் தாங்குவது இவ்வலை. இதற்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணினாரிலர்.

இனி, நோயின் பக்கம் திரும்புவோம். பாரிஸ் நகரத்து வைத்தியர் டூஷேன் 1860களில் சிறுவர்களைத் தாக்கும் தசை நலிவு நோயை விரிவாக வருணித்தார். கெண்டைக்கால் பருத்துத் தோன்றும். ஆனால் அதில் வலிமை இராது. பன்னிரண்டு வயதளவில் சிறுவன் நடக்கும் ஆற்றலை இழப்பான். இந்நோய் தாயின் வழியே ஆண்மக்களுக்கு வருவது. நம் வழக்கில் சொல்வதாயின், தாய்மாமனுக்கு இருந்தது மருமகனுக்கு வரும். இடையிலுள்ள தாய் பெரும்பாலும் நலமாகவே இருப்பாள். எக்ஸ் என்னும் குரோமோசோமில் நோய்க்குறை அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குடும்பம் இருந்தது. மூன்று தலைமுறைகளில் எட்டு ஆண்கள் தசை நலிவுக்கு ஆளாயினர். நரம்பியல் வைத்தியரான ஃபிரிட்ஸ் டிரைஃபஸ் 1961இல் ஹோகன் என்பாருடன் இணைந்து இக்குடும்பத்தைப் பற்றி எழுதினார். பின்னர், பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மரபியல் பயின்ற ஆங்கிலேயர் ஆலன் எமரி, அக்குடும்பத்தினரை மீண்டும் நுணுகி ஆராய்ந்தார். இவர்களிடம் கண்ட நோய் டூஷேன் வருணித்த நோயாக இல்லை. கெண்டைக்கால் பருக்கவில்லை. இளமையிலேயே குதிகால் நரம்பு இறுகியமையால் முன்காலை ஊன்றி நடந்தனர். முழங்கையை முழுவதும் நீட்ட இயலவில்லை. ஆயினும், தசையின் வலிமை மிக மெதுவாகவே குறைந்தது. பலர் நடுவயது வரை உழைத்து வாழ்ந்தனர். அதே சமயம் இருதயமும் தாக்கப்பட்டிருந்தது. 1966இல் எமரியும் டிரைஃபஸும் இதனைத் தனியொரு நோயென வெளியிட்டனர். 1979 முதல் இருவர் பெயராலும் எமரி-டிரைஃபஸ் தசை நலிவு என்று இது வழங்குகிறது.

தொடக்கத்தில் இந்நோயைத் 'தீங்கு குறைந்தது' என்று அழைத்தனர். கைகால்களை மட்டும் நோக்கினால் அப்பெயர் பொருந்தும். இருதயத்தை நோக்கினால் பொருந்தாது. இருதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குச் செல்லும் மின் ஆணை தடைப்படுகிறது. நாடி மிகவும் தளர்கிறது. மேலறைகள் அசைவற்றுப் போவதும் உண்டு. முழங்கை சற்று மடங்கியிருப்பதைத் தவிர வேறு குறை தோன்றாத ஒருவர், ஒருநாள் மயங்கி விழுந்து எழாமலே போய்விடக்கூடும். கைகால்கள் காட்டும் மென்மை, மார்புக்குள் இருக்கும் அபாயத்தை மறைத்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் வேர் எங்கே? 1987இல் டூஷேன் நோய்க்குக் காரணமான புரதம் கண்டறியப்பட்டது. தசை உயிரணுவின் வெளிச்சவ்வை உள்ளிருந்து தாங்கி நிற்பது அது. ஆகவே, தசை நலிவு என்பது வெளிச்சுவரில் ஏற்படும் பழுது என்ற எண்ணம் ஆராய்ச்சியாளரிடையே வலுத்தது. 1994இல் இத்தாலியின் பாவியா நகரில் டானியேலா டொனியோலோ, சில்வியா பியோனே முதலியோர், எக்ஸ் குரோமோசோமின் நுனிப்பகுதியில் எமரி-டிரைஃபஸ் நோய்க்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தனர். 254 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம் ஒன்றை அது தோற்றுவிப்பது. எமரியின் நினைவாக அதற்கு 'எமரின்' என்று பெயரிட்டனர்.

அப்புரதம் உயிரணுவில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1996இல் விடை கிடைத்தது. ஜப்பானில் ஒரு குழுவினரும் வேல்ஸ் நாட்டில் ஒரு குழுவினரும், எமரினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் ஒளிவிடும் சாயத்தை ஏற்றித் தசைத் துணுக்குகளைச் சோதித்தனர். நலமுடையவரின் தசையில் ஒவ்வோர் உட்கருவைச் சுற்றியும் ஒளி வளையம் தோன்றியது. நோயாளியின் தசையிலோ அவ்வளையம் இல்லை. பழுது வெளிச்சுவரில் இல்லை; வீட்டின் நடுவே, குடும்பப் பத்திரங்களை வைத்துப் பூட்டிய அறையின் சுவரில் இருந்தது!

இன்னொரு புதிர் எஞ்சியிருந்தது. சில குடும்பங்களில் இதே நோய் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. தந்தையின் எக்ஸ் குரோமோசோம் மகளுக்குத்தான் செல்லும், மகனுக்குச் செல்லாது. ஆதலின், வேறொரு மரபணுவும் காரணமாதல் வேண்டும். 1999இல் பாரிஸில் ஜிசெல் பான், கெட்டி ஷ்வார்ட்ஸ் முதலியோர் அதனைக் கண்டனர். முதலாம் குரோமோசோமில் அமைந்த அம்மரபணு தோற்றுவிப்பது வேறொன்றுமன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பெயரிடப்பட்ட லாமின் ஏ, லாமின் சி என்னும் புரதங்களே. எமரினும் லாமினும் அவ்வுறையில் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. எனவே, இரண்டில் எது பழுதுபட்டாலும் விளையும் நோய் ஒன்றாக இருத்தல் வியப்பன்று.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். இருதயம் விரிந்து தளர்ந்து, மின் ஆணையும் தடைப்படும் நோய் பரம்பரையாக வந்த ஐந்து குடும்பங்களில் லாமின் மரபணுவின் பழுதுகளைக் கண்டனர். அக்குடும்பத்தினர்க்குக் கைகால் தசைகளில் நோயே இல்லை. முழங்கை மடங்காதவர்க்கும், குதிகால் தரையில் நன்கு படிபவர்க்கும் இவ்வுறையின் குறையால் இருதயம் கெடலாம் என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

உடலின் பல்வகை உயிரணுக்களிலும் உள்ள புரதம் கெடும்போது, தசையும் இருதயமும் மட்டும் முதலில் வருந்துவது ஏன்? இதற்கு அறிஞர் இருவகை விடை கூறுவர். இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. ஓயாத அந்த இழுப்பைத் தாங்க உட்கருவுக்கு உறுதி வேண்டும் என்பது ஒரு விடை. லாமின் ஏ இல்லாத எலி உயிரணுக்களை இழுத்துப் பார்த்தபோது அவற்றின் உட்கரு எளிதில் உருக்குலைந்ததை 2004இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. எந்த மரபணு எப்பொழுது பணி செய்ய வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதில் இவ்வலைக்குப் பங்கு உண்டு, அது குலையும்போது ஒழுங்கும் குலைகிறது என்பது மற்றொரு விடை. இரண்டும் ஒருங்கே உண்மையாகலாம் என்பதே பலர் கருத்து.

இவ்வறிவால் விளைந்த பயன் யாது? பழுதுபட்ட மரபணுவைத் திருத்தும் சிகிச்சை இன்றும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. ஆனால் திடீர் மரணத்தைத் தடுக்க வழி உண்டு. 1958இல் ஸ்டாக்ஹோம் நகரில் முதன்முதலாக ஒரு மனிதர் உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. தளர்ந்த நாடிக்கு அது துணை செய்யும். லாமின் பழுதுடையவர்க்கு அது மட்டும் போதாது, தாறுமாறான துடிப்பை மின் அதிர்ச்சியால் நிறுத்தும் கருவியும் வேண்டும் என்று பிரெஞ்சு வைத்தியர்கள் 2006இல் காட்டினர். அவர்கள் அக்கருவியைப் பொருத்திய 19 பேரில் 8 பேருக்கு, சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குள் அது உரிய நேரத்தில் வேலை செய்தது. காலத்தே கருவி வைத்தால் உயிர் நிற்கும். வைப்பதற்கோ நோய் இருப்பது முன்கூட்டித் தெரிந்திருத்தல் வேண்டும்.

முன்கூட்டித் தெரிவது எங்ஙனம்? வர்ஜீனியாக் குடும்பத்தை நினைவு கூர்வோம். மூன்று தலைமுறைச் செய்தியை ஒருசேர வைத்துப் பார்த்ததனாலன்றோ அந்நோய் புலப்பட்டது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பை முன்னிட்டுக் குடியேறிய நம்முடைய குடும்பச் செய்திகளோ சிதறிக் கிடக்கின்றன. ஊரில் ஒரு மாமன் முன்காலால் நடந்தார் என்பது ஒருவர்க்குத் தெரியும். இன்னொரு மாமன் நாற்பது வயதில் உறக்கத்திலேயே இறந்தார் என்பது வேறொருவர்க்குத் தெரியும். இரண்டும் ஒரே வைத்தியர் காதில் விழுவதில்லை. கலியாணத்துக்கும் இழவுக்கும் ஊர் செல்லும்போது, முன்னோர் எவ்வெவ்வாறு வாழ்ந்து மறைந்தனர் என்பதை முதியோரிடம் கேட்டு ஓர் ஏட்டில் குறித்து வைப்போமாயின், அது நம் பிள்ளைகளுக்கு வைக்கும் சொத்துகளுள் ஒன்றாகும். அத்தகைய செய்தி கிடைப்பின், நலமாகத் தோன்றுபவரும் இ.சி.ஜி. என்னும் இருதய மின்பதிவை எடுத்துப் பார்த்தல் நன்று. தாயின் வழியே நோய் வரும் குடும்பங்களில் பெண்களையும் விட்டுவிடலாகாது. எமரின் குறையைச் சுமக்கும் பெண்களுள் சிலர்க்குப் பிற்காலத்தில் இருதயம் பாதிக்கப்படுவது உண்டு.

உறை என்னும் சொல் நம் மொழியில் வாளைக் காப்பதற்கும் கடிதத்தை மூடுவதற்கும் ஒன்றே. உட்கருவின் உறைக்குள்ளும் ஒரு கடிதம் இருக்கிறது. முன்னோர் நமக்கு எழுதி, நாம் நம் மக்களுக்கு அனுப்புவது அது. உறை கிழிந்திருக்கிறதா என்பதை உரிய காலத்தில் பார்த்துக்கொள்வது, பெறுகிறவர்க்கும் அனுப்புகிறவர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.